திருப்பிக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டவர்

மெத்தைக்காரர் திவாலானது ஒரே நாளில் நடந்த காரியமல்ல. அதற்காக அவர் சில வருஷங்கள் மாடாக உழைத்திருந்தார்.

அதற்கு முன்னால் அவர் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு 'கடன் கிடையாது' என்று சொல்லி அனுப்பிய கை அவருடையது. அதைக்கூட அவ்வளவு இனிப்பாகச் சொல்வார். கேட்க வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போவார்கள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தங்களுக்குக் கடன் கிடைக்கவில்லை என்பதே அவர்களுக்கு உறைக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஓய்வு பெற்றதும் மெத்தைக் கடை வைக்கத் திட்ட அறிக்கை ஒன்று எழுதினார். எழுதியதைத் தானே வாங்கிப் படித்தார். 'பிரமாதம்' என்று தானே தலையாட்டினார். ஆயுசில் அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுமதித்த விண்ணப்பம் அது ஒன்றுதான்.

அவருடைய கணக்கு எளிமையானது. மனுஷனாகப் பிறந்த எல்லோரும் தூங்குகிறார்கள். ஆகவே மனுஷனாகப் பிறந்த எல்லோரும் நம் வாடிக்கையாளர்கள். இந்தக் கணக்கில் ஒரே ஒரு ஓட்டை. மெத்தை வாங்கியவன் அப்புறம் பதினைந்து வருஷத்துக்கு அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டான். போதாக்குறைக்கு மெத்தைக்காரர் பதினைந்து வருஷ உத்தரவாதம் வேறு கொடுத்திருந்தார். முதல் வருஷம் சுற்றுவட்டாரமே வந்து வாங்கியது. வாங்கிப் போய்ப் படுத்தது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

கடைசிக் காலத்தில் அந்தக் கடைச் சரக்கை உபயோகித்த ஒரே ஜீவன் மெத்தைக்காரர்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு மெத்தையாகப் படுத்துப் பார்ப்பார். கேட்டால் தரப் பரிசோதனை என்பார். குறட்டைச் சத்தம் எதிர்ப்பக்கத்துச் சாவிக் கடை வரைக்கும் கேட்கும்.

கடன் பட்டியலில் நாலு பேர். ஃபோம் சப்ளை செய்தவர், கட்டிட உரிமையாளர், மெத்தைக்காரர் வேலை பார்த்த அதே வங்கி. நாலாவது ஆள், மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தான். கடை திறந்தபோது கேட்டதும் எடுத்துக் கொடுத்தவன். கொடுத்த நாளிலிருந்து ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை.

அதுதான் வினை. வங்கி நோட்டீஸ் அனுப்பும்; நாலாக மடித்து மேஜைக்காலுக்கு அண்டக் கொடுத்துவிடலாம். ஃபோம்காரர் போனில் கத்துவார். போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்ளலாம். மச்சினன் இரண்டும் செய்ய மாட்டான். நாலு சொந்தக்காரர்கள் கூடியிருக்கிற இடத்தில், யாரோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, இவர் தோளில் கைபோட்டு, "அதுக்கென்ன மச்சான், மெதுவாக் குடுங்க, நான் கேட்டேனா?" என்பான். கூட்டத்தில் விஷயம் தெரியாமல் இருந்தவர்களுக்கும் அப்போது தெரிந்துவிடும்.

ஆகவே கப்பல் கவிழப் போகிறது என்று தெரிந்ததும் மெத்தைக்காரர் ஒரு காரியம் செய்தார். மெத்தை ஏற்றிப் போகிற வேனை விற்றார். ஃபோம்காரருக்கு நாளைக்கு என்றார், கட்டிடக்காரருக்கு அடுத்த வாரம் என்றார். வந்த பணம் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு மனைவியோடு மச்சினன் வீட்டுக்குப் போனார். கூடத்து மேஜைமேல் வைத்தார். முழுத் தொகை. கேட்காத வட்டியும் சேர்த்து. மச்சினன் வாயைத் திறந்தான். உள்ளே சொல்வதற்கு ஒன்றும் இல்லாததால் திரும்ப மூடிக்கொண்டான். அந்தச் சத்தம் மெத்தைக்காரர் காதுக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி அவருடைய பையைத் தானாக வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை டீயில் சர்க்கரை சரியாக இருந்தது. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு மரியாதையை அவர் பார்த்ததில்லை.

அதற்கப்புறம்தான் வக்கீலைப் பார்க்கப் போனார். அதாவது, முதலில் குதித்துவிட்டு அப்புறம் ஆழம் கேட்டார்.

வக்கீலம்மா சின்ன வயசு. அலுவலகம் அதைவிடச் சின்னது. ஃபைல்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஃபைல்களை எழுப்பிவிட்டு இவரை உட்காரவைத்தாள்.

"சார், உங்களுக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு, கடன் குடுத்தவங்களைக் கூப்பிட்டு நீங்களே பேசித் தீத்துக்கறது."

"பேசிட்டேம்மா. ஃபோம்காரர் சொன்னதெல்லாம் காதுல வாங்கியிருந்தா நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். இங்க வந்திருக்க மாட்டேன்."

"ரெண்டாவது, கோர்ட் மூலமா ஒரு தவணைத் திட்டம். உங்க பென்ஷன்ல ஒரு பங்கு மாசாமாசம் போகும். எல்லாருக்கும் அவங்கவங்க கடனுக்குத் தக்கபடி பிரிச்சுக் குடுப்பாங்க. சில வருஷம் ஒழுங்காக் கட்டினா, மிச்சக் கடனைத் தள்ளுபடி பண்ணிடுவாங்க. வீடு உங்க கையில நிக்கும். ஆனா பெரிய தொகை குடுத்தவங்க சம்மதிக்கணும்."

"மூணாவது?"

"முழுத் திவால். இருக்கறதெல்லாம் ஒப்படைச்சிடணும். வீடும் போகும். தட்டுமுட்டுச் சாமான், துணிமணி, படுக்கை, இதை மட்டும் விட்டுடுவாங்க."

மெத்தைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "படுக்கையா? எத்தனை படுக்கை?"

"ஆளுக்கு ஒண்ணு சார்."

மறுபடியும் சரிந்து உட்கார்ந்தார். இரண்டாவது வழி என்று முடிவாயிற்று. வக்கீலம்மா பேனாவைத் திறந்தாள். "கடைசியா ஒண்ணு. சமீபத்துல யாருக்காவது தனியாப் பணம் குடுத்தீங்களா? முக்கியமா சொந்தக்காரங்களுக்கு?"

"சேச்சே! எனக்கு யாரும்மா இருக்கா?" என்றார், மனைவி வழியில் மட்டும் ஒரு பஸ் நிறையச் சொந்தம் உள்ளவர்.

அடுத்த முறை போனபோது உறுதிமொழியில் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற வரிக்கு நேரே பேனா போனது. இடது கை தானாக எழுந்து காது மடலைப் பிடித்துச் சொரிந்தது.

மெத்தைக்காரர் அப்படியே உறைந்துபோனார். ஏனென்றால் அவர் வேலைக்காலம் முழுக்கப் பொய்யர்களைப் பிடித்ததே அந்தக் காதை வைத்துத்தான். 'வேற எங்கயாச்சும் கடன் இருக்கா?' என்று கேட்பார். இருக்கிறவன் கை காதுக்குப் போகும். அடுத்த நிமிஷம் விண்ணப்பம் குப்பைக்குப் போகும். எதிரே ஃபைல் பீரோக் கண்ணாடியில் இப்போது ஒரு வழுக்கைத் தலையர் காதைச் சொரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய நாற்காலியில் இருந்திருந்தால் அந்த ஆளை வாசலோடு அனுப்பியிருப்பார்.

"அம்மா, ஒருத்தருக்குக் குடுத்தேன்."

"யாருக்கு?"

"என் மச்சானுக்கு."

"கொஞ்சமா?"

"முழுசா."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "வட்டி ஒண்ணும் குடுக்கலையே?"

"அவன் கேக்கல. நான்தான்..."

வக்கீலம்மா கண்ணாடியை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சார், மூழ்கப் போறோம்னு தெரிஞ்சப்புறம் ஒருத்தருக்கு மட்டும் குடுத்தா, மத்த மூணு பேர் பங்கையும் எடுத்து அவருக்குக் குடுத்த மாதிரி. வேத்து ஆளுக்குக் குடுத்தாலே கேள்வி வரும். சொந்தக்காரருக்குன்னா ரெண்டு வருஷம் பின்னாடி போய்க்கூடத் தோண்டி எடுப்பாங்க."

"அது நான் நியாயமா வாங்கின கடன்மா."

"எல்லார்கிட்டயும் நியாயமாத்தானே சார் வாங்கினீங்க?"

மெத்தைக்காரர் பேச்சை மாற்றினார். "சொல்லாம விட்டா?"

"தெரியவந்தா திட்டம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. வீடு போகும். பொய்க் கையெழுத்துக்குத் தனி வழக்கு."

"சொன்னா?"

"உங்க மச்சான் அந்தப் பணத்தைப் பொதுவுல, அதாவது எல்லாருக்கும் பிரிக்கற கணக்குல கட்டணும். கட்டிட்டு மத்தவங்களோட வரிசையில நிக்கணும். கோர்ட் அதிகாரி நோட்டீஸ் அனுப்பறதுக்குள்ள நீங்களே போய்ப் பக்குவமாச் சொல்லிடுங்க."

வெளியே வந்த மெத்தைக்காரர் தராசின் ஒரு தட்டில் வீட்டை வைத்தார். இன்னொரு தட்டில் மனைவி மடியில் இருந்த பையையும் சர்க்கரை சரியான டீயையும் வைத்தார். வெட்கத்தைவிட்டுச் சொல்வதானால், தெருமுனை வரும்வரைக்கும் வீடுதான் மேலே போய்க்கொண்டிருந்தது. போனால் போகட்டும், மரத்தடியில் ஆளுக்கொரு படுக்கையோடு ராஜாவும் ராணியுமாக இருந்துவிடலாம் என்று தோன்றியது. அப்புறம் மழை தூறியது. மச்சினனுக்குப் போன் போட்டார்.

"கிளாஸ் போயிட்டிருக்கு மச்சான். வண்டி அந்தப் பக்கந்தான் வருது, பின்னால ஏறிக்கோங்க," என்றான்.

புதுக் கார். உள்ளே பிளாஸ்டிக் உறை வாசனைகூடப் போகவில்லை. ஸ்டியரிங்கில் ஒரு கணக்கு டீச்சர், குறும்புக்கார மாணவனின் காதைப் பிடித்திருப்பதுபோல அதை இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் மச்சினன், தன் பக்கத்துத் தனி பிரேக்கின் மேல் காலை வைத்தபடி. மெத்தைக்காரர் பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி மூன்று முறை குதித்துவிட்டுக் கிளம்பியது.

"மாப்ள, ஒரு சின்ன விஷயம்."

"சொல்லுங்க மச்சான். டீச்சர், கிளட்ச்சை மெதுவா விடுங்க."

"அன்னைக்குக் குடுத்தேன்ல..."

"அதை ஏன் கேக்கறீங்க? போற இடமெல்லாம் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். எங்க மச்சான் மாதிரி நாணயஸ்தர்... டீச்சர், அது ஆள் இல்ல, தபால் பெட்டி. ஹார்ன் அடிக்காதீங்க."

"அதைத் திருப்பிக் குடுக்கணும்."

வண்டி நின்றது. நின்றது என்றால், மெத்தைக்காரர் முன் சீட்டுக்கே போய்விட்டுத் திரும்பி வந்தார். மச்சினனின் கால் தரையோடு ஒட்டியிருந்தது. பின்னால் உலகத்து வண்டிகளெல்லாம் சேர்ந்து ஹார்ன் அடித்தன.

"என்ன கேட்டீங்க?"

"நான் உனக்குத் திருப்பிக் குடுத்தேன்ல, அதை நீ திருப்பிக் குடுக்கணும்."

"மச்சான், வாங்கின கடனைத் திருப்பிக் குடுக்காதவனைப் பாத்திருக்கேன். ஊரைவிட்டு ஓடினவனைப் பாத்திருக்கேன். திருப்பிக் குடுத்துட்டு அதையும் திருப்பிக் கேக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"சார்," என்றார் டீச்சர், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், "அவர் உங்களுக்குத் தரணுமா, நீங்க அவருக்குத் தரணுமா?"

"அதான் டீச்சர் எனக்கும் புரியல. நீங்க வண்டியை எடுங்க."

மெத்தைக்காரர் சட்டத்தை விளக்கினார். இரண்டு திருப்பமும் ஒரு மேடும் தாண்டும்வரை விளக்கினார். மச்சினன் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"அந்தப் பணம் இப்ப எங்க இருக்குன்னு தெரியுமா மச்சான்?"

"எங்க?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே, அதான்."

மெத்தைக்காரர் சீட்டிலிருந்து லேசாக எழும்பினார், ஏதோ தன் பாரத்தால் பணம் நசுங்கிவிடப் போவதுபோல.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப முதல்ல அங்க போவோம். டீச்சர், அடுத்த ரைட்டு."

"என் கிளாஸ் இன்னும் முடியலையே சார்."

"கிளாஸ்தான் டீச்சர். குறுகலான தெரு, வளைவு ஜாஸ்தி. உங்களுக்கு நல்ல பயிற்சி."

டீச்சர் அவர்களை வீட்டுவாசலில் கொண்டுபோய், பாதி ரோட்டிலும் பாதி நடைபாதையிலுமாக நிறுத்தினார். இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டுக்கொண்டார். இவ்வளவு தூரம் ஓட்டி வந்தவர் முடிவு தெரியாமல் போவதாக இல்லை.

மனைவி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை. மெத்தைக்காரருக்கு அதுதான் வினையாயிற்று. கத்தினால் போனைத் தள்ளிப் பிடிக்கிற வித்தையாவது கைவசம் இருந்தது.

"வேனை வித்த காசு நாலு பேருக்கும் பிரிஞ்சு போயிருக்கணும். அப்படித்தானே?" என்றாள்.

"அப்படித்தான்."

"அப்ப அன்னைக்கு நீங்க எந்தம்பி மேஜைமேல வச்சது உங்க பணமே இல்ல."

மெத்தைக்காரர் காது மடலைத் தொடப் போன கையைக் கீழே இறக்கினார். "இல்ல."

"ஃபோம்காரர் பணத்துல பெருமை வாங்கியிருக்கீங்க. அதைப் பாத்து நானும் பூரிச்சுப் போய் உக்காந்திருக்கேன்." தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீ கட்டிடுவியா?"

"கார் வாங்கிட்டேன்க்கா."

"அதைத்தான் கேக்கறேன். கட்டிடுவியா?"

மச்சினன் அக்காவிடம் எதிர்த்துப் பேசிப் பழகாதவன். புதுக் காரை ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் அடகு வைத்து, அதை வாங்கிய பணத்தையே மறுபடி காசாக்கினான். "குடும்பத்துல அடுத்த திவால் யாருன்னு இனிமே தேட வேண்டியதில்ல," என்று மெத்தைக்காரர் சிரித்துப் பார்த்தார். கூட யாரும் சிரிக்கவில்லை. மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். டீ வந்தது. சர்க்கரை வரவில்லை.

கடன் கொடுத்தவர்கள் கூட்டம் கோர்ட் மாடியில் ஓர் அறையில் நடந்தது. நீளமான மேஜை. தலைமாட்டில் கடன் தீர்வு அதிகாரி. ஜலதோஷம் பிடித்தவர், எல்லாக் கேள்வியையும் கைக்குட்டை வழியாகவே கேட்டார். கட்டிட உரிமையாளர் பெயர்ப் பலகையை எப்போது கழற்றுவீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வங்கி சார்பில் வந்திருந்தவன் மெத்தைக்காரரிடமே தொழில் பழகிய உதவியாளன், இப்போது மேனேஜர். ஆளைத் தேனில் குழைத்து வெளியே அனுப்புகிற அந்தப் பழைய சிரிப்பை அப்படியே முகத்தில் வைத்திருந்தான். தான் கண்டுபிடித்த சிரிப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் இவ்வளவு பயங்கரமா என்று மெத்தைக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் வங்கி சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டது. இனி எல்லாம் ஃபோம்காரர் கையில். அவர் தலையாட்டினால் வீடு நிற்கும், ஆட்டாவிட்டால் போகும்.

மனைவி அறையின் மறுகோடியில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உறவினர் யாருக்காவது தனியாகப் பணம் கொடுத்தது உண்டா?" என்றது கைக்குட்டை.

மெத்தைக்காரர் எழுந்தார். "உண்டுங்க. என் மச்சானுக்கு. முழுசா. வட்டியோட."

மேஜை அதிர்ந்தது. ஃபோம்காரர் எழுந்தால் அந்த அறையில் வேறு யாருக்கும் காற்று கிடைக்காது. "எனக்கு நாளைக்கு, நாளைக்கு! மச்சானுக்கு வட்டியோடயா? யோவ், உன் கடையில இருக்கற ஒவ்வொரு மெத்தைக்குள்ளயும் நான்தான்யா இருக்கேன்!"

மச்சினன் எழுந்து போய் வங்கி வரைவோலையை அதிகாரி முன்னால் வைத்தான். "மொத்தமும் இதுல இருக்குங்க. பொதுவுல சேத்துக்கோங்க. நான் வரிசையில நிக்கறேன்."

ஃபோம்காரர் பாதிக் கத்தலில் நின்றார். "நோட்டீஸ் வந்துச்சா உனக்கு?"

"இல்லங்க. இவரே வந்து கேட்டாரு."

"இவரா? நேர்லயா?"

"ஓடற கார்லங்க. ஒரு டீச்சர் சாட்சி."

ஃபோம்காரர் மெத்தைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். பெரிய வயிறு முதலில் குலுங்கியது. அப்புறம் தோள். அப்புறம் மேஜை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு நாற்காலியில் விழுந்தார்.

"பொண்டாட்டி தம்பிகிட்டப் போய், நான் குடுத்த பணத்தைத் திருப்பிக் குடுன்னு கேட்டிருக்கான்யா! இதுக்கு மேல இந்த ஆளுகிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு? மானம் ஒண்ணு இருந்துச்சு, அதையும் கொண்டாந்து பொதுவுல கட்டிட்டான். எழுதிக்கோங்க சார், எனக்குச் சம்மதம்."

அதிகாரி தும்மினார், எழுதிக்கொண்டார்.

உத்தரவு நகலுக்காக வெளியே தாழ்வாரத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். சுவரோரம் மரப்பெஞ்சு. மெத்தைக்காரர் ஒரு முனையில் உட்கார்ந்தார். மச்சினன் டீ வாங்கப் போனான். மனைவி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். பத்து நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"நீங்களாச் சொல்லாட்டி கண்டுபிடிச்சிருப்பாங்களா?"

மெத்தைக்காரர் யோசித்தார். "பாதிக்குப் பாதி. அந்த ஆளுக்கு மூக்கு துடைக்கவே நேரமில்ல."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

நேர்மை, மனசாட்சி என்று நல்ல நல்ல வார்த்தைகளெல்லாம் வரிசையாக வந்து நின்றன. எதை எடுத்தாலும் கை காதுக்குப் போகும்போலிருந்தது.

"பயமா இருந்துச்சு," என்றார்.

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அடக்கிப் பார்த்தும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. "அன்னைக்குப் பணத்தை எடுத்து வச்சப்ப ரொம்பப் பெருமையா இருந்துச்சு. இன்னைக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றாள். சொல்லிக்கொண்டே பெஞ்சில் நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆனா கூட உக்காரக் கூச்சமா இல்ல."

கதவு திறந்தது. குமாஸ்தா தாளோடு எட்டிப் பார்த்து, தாழ்வாரம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படியாகக் கூவினார்.

"மெத்தைக் கடைத் திவால் கேஸு! கடன்பட்டவர் யாருங்க? கையெழுத்துப் போடணும்!"

மெத்தைக்காரர் கையைத் தூக்குவதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நாங்கதாங்க."